வாயசைவு

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த டப்பிங் ஸ்டுடியோ. பத்மஜா தும்மிக்கொண்டே படியேறினாள். மலையாளத் தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் வேலை. காய்ச்சலாய்க் கிடந்த மகள் ஸ்நேகாவை வலியசாலை வீட்டில் தனியே விட்டு வந்திருந்ததால், மனம் வேலையில் இல்லை.

அன்றைய எபிசோடில், நிலவறையில் சங்கிலியால் கட்டப்பட்ட மந்திரவாதி, காவல் இருக்கும் பெண்ணிடம் நைச்சியமாகப் பேசுகிறான். அவள் வாயால் ‘போ’ என்று சொன்னால்தான் கட்டு அவிழும். அந்தப் பெண்ணுக்குத்தான் பத்மஜாவின் குரல்.

ஹெட்போனில் அவனுடைய மலையாளம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் திடீரென்று தமிழ். அதுவும் அக்ரஹாரத்துத் தமிழ்.

“என்ன இதமான குரல் உனக்கு! அங்க கொழந்தைக்கு ஜுரம் கொதிக்கறதே, நீ இங்க என்ன பண்றே?”

ஹெட்போனைக் கழற்றினாள்.

கண்ணாடிக்கு அப்பால் சவுண்ட் இன்ஜினியர் பிரபின் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பயலின் குறும்புக்கு அளவே கிடையாது.

“பிரபின், என்ன விளையாட்டு இது? யாரு தமிழ்ல பேசறது?”

“எந்து சேச்சி? வில்லனுக்கு நாளைக்குத்தானே தமிழ் டப்பிங். இப்ப மலையாளம் மாத்திரம்தான் இருக்கு, கேட்டோ.”

அவள் நம்பவில்லை. காலையில் மகளோடு போனில் பேசியதை ஒட்டுக்கேட்டிருப்பான். கோபத்தோடு மறுபடி ஹெட்போனை மாட்டினாள்.

“தண்ணி தண்ணின்னு முனகிண்டு கெடக்கா. சீக்கிரம் முடிச்சுண்டு கெளம்பு.”

துருப்பிடித்த இரும்பின் வாடை அறையில் ஏறியது.

கடைசி ஷாட்டில் அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. ஸ்கிரிப்டில் வசனம் இல்லை. வாய் அசைந்து குரல் வராவிட்டால் பத்மஜாவுக்குப் பொறுக்காது. பொருத்தமாய் ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடுவாள். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே அவளைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் யோசிக்கவே இல்லை.

“சரி, போ.”

ஹெட்போனில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

“சேச்சி, அங்க எதுக்கு டயலாக்? அவ வாயே திறக்கலியே!”

பிரபின் திரும்ப ஓட்டிக் காட்டினான். பெண்ணின் உதடுகள் இறுக மூடியிருந்தன. அவள் முன்னால் சங்கிலி மட்டும் கிடந்தது. மந்திரவாதி இல்லை.

பிரபினின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

பத்மஜா வீட்டுக்குப் போன் செய்தாள்.

“ஸ்நேகா, யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே!”

“என்னம்மா சொல்றே? நீ கூப்பிட்டுத்தானே இப்பத் திறந்தேன்? சமையலுள்ள எனக்குத் தண்ணி எடுத்துண்டிருக்கே. அங்கேந்து எதுக்குப் போன்ல பேசறே?”

மகளுக்குப் பின்னாலிருந்து பத்மஜாவின் குரல், அதே இதத்தோடு, கேட்டது.

“யாருடி கொழந்தே போன்ல?”