அரை மில்லிமீட்டர்

காலை ஏழு மணிக்கு உடம்பின் தடிப்பை அளக்கும் வேலை தொடங்கிவிடும். தூத்துக்குடி ஈரக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகள் வலைக்கட்டில்களில், ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் படுத்திருப்பார்கள். ஜெசிந்தா கேலிப்பரோடு ஒவ்வொருவராக அளந்துகொண்டே போவாள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய பிள்ளையை, மிகுதியைச் சீவி மெலிதாக்கும் சீவலறைக்கு எழுத வேண்டும். அவளுடைய மகள்கள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். லிடியாவுக்கு ஏழு வயது, பெனிட்டாவுக்கு நான்கு.

ரத்தத்தில் வந்த காய்ச்சல் பிறந்த குழந்தைகளையெல்லாம் கொண்டுபோன பிறகு, ரத்தமே இல்லாத பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கினார்கள். தாள்போல் தட்டையான அந்த உடம்பில் இதயம் கிடையாது, ரத்தக்குழாய் கிடையாது. ஈரம் காயாத தோல் வழியே தானாக விரவும் ஆக்சிஜன்தான் உயிர். இருபுறமும் காற்றுப் பட்டால் உடம்பின் நடுவுக்கு அரை மில்லிமீட்டர் தூரம். இன்னொரு உடம்பு ஒட்டி அந்தத் தூரம் இரண்டு மடங்கானால் விரவும் நேரம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. அதனால் அங்கே எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையைத் தொடக்கூடாது.

ஐப்பசியில் ஒரு மதியம் இடி இடித்தது. ஜெசிந்தா வெளியறையில் கையுறை மாற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியே பார்த்தபோது, பெனிட்டா தன் கட்டிலிலிருந்து நழுவி அக்காளிடம் ஊர்ந்து போயிருந்தாள். லிடியா அவளைப் பாய் சுருட்டுவதுபோல் தனக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

உள்காற்றைச் சரிசெய்து கதவு திறக்க மூன்று நிமிடம் ஆகும். ஜெசிந்தா பொத்தானை அழுத்திவிட்டு ஒலிபெருக்கியில் கத்தினாள்.

"லிடியா, விட்டுரு. பாப்பாவ விட்டுரு. ஏட்டி, விடுட்டி."

லிடியா விடவில்லை. கதவு திறந்ததும் ஓடிப்போன ஜெசிந்தா அந்தச் சுருளைப் பிரிக்கத் திணறினாள். பிரிந்தபோது பெனிட்டா சாம்பல் நிறத்தில், ஈரத்துணிபோல் அவள் கையில் தொங்கினாள்.

மறுநாள் கூடத்தின் மேற்பார்வையாளர் தளவாய் அவளைக் கூப்பிட்டார்.

"பெரியவகிட்ட நீங்களே சொல்லிருங்க. அவ கட்டிப்பிடிச்சதுலதான் தங்கச்சி செத்தான்னு. ஸ்பீக்கர்ல போடுதேன், எல்லாப் பிள்ளையும் கேக்கட்டும்."

"ஏழு வயசு சார் அவளுக்கு."

"தெரியும்மா. அவ போக இன்னும் நூத்திப் பதினெட்டுப் பிள்ளைய இருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அவர் எப்படிச் சொல்வார் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னாள்.



"பாப்பா பயந்துபோய் வந்தா. நான் சும்மாதான் பிடிச்சிருந்தேன்," என்றாள் லிடியா. "நீ கத்துனியா, எனக்கும் பயம் வந்துட்டு. அதான் இறுக்கிப் பிடிச்சேன்."

அதுவும் கூடம் முழுவதும் கேட்டது. தளவாய் ஒலிப்பதிவிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, மீதியை மற்ற ஊர்க் கூடங்களுக்கும் பாடமாக அனுப்பினார்.

அன்றிலிருந்து லிடியாவை அளக்க வேறொருத்தியை அனுப்ப வேண்டியிருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் வந்தாலே, பிள்ளை கைகளை விரித்துக் கட்டிலின் இருபுறக் கம்பிகளையும் பற்றிக்கொண்டு, "வராதம்மா," என்பாள்.