தோட்டத்துக்கு ஒரு துறவி

அந்தப் பார்ட்டியில் வசந்தாமணியிடம் மட்டும் யாரும் பேசவில்லை. அவள் ஹலோ சொன்னால் சிரிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், பிறகு அவள் கணவன் கிட்டுசாமியின் பக்கம் திரும்பி அவனோடு பேசுகிறார்கள். அமெரிக்காவில், இந்த ரிச்சர்ட்சனில் வந்து இறங்கிய எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அத்தனையும் வாய்க்குள்ளேயே வீணாகிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, எம்மேல ஏதாச்சும் நாத்தம் அடிக்குதுங்களா? ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க.”

“ஆபீஸ் பார்ட்டின்னா அப்படித்தான். சும்மா வா மணி.”

கம்பெனி முதலாளி ஹார்லன் தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட எல்லோரையும் அழைத்துப் போனார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் பிரபுக்களின் தோட்டம் போலவே வேண்டும் என்று டெக்சஸ் வெயிலில் தண்ணீரைக் கொட்டி வளர்த்திருந்தார். இத்தாலிக்காரனைப் பார்த்து வைத்த சிலைகள், பிரெஞ்சுக்காரனைப் பார்த்துப் போட்ட நேர்ப்பாதை, அது சலித்துப்போய்ச் சீனாக்காரனைப் பார்த்துப் போட்ட வளைந்த பாதை என்று ஹார்லன் சொல்லச் சொல்ல, கிட்டுசாமி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு மண்டபத்தைக் கட்டும்போதே இடிந்த மாதிரி கட்டியிருந்தார்கள். பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள்.

தோட்டத்தின் கடைசியில் மரங்கள் நெருங்கி, வெளிச்சம் குறைந்து, ஈர மண்ணும் அழுகிய இலையும் மணக்கிற இடத்தில், பாசி பிடித்த கற்களால் ஒரு குடிசை நின்றது. ஜன்னலுக்குக் கம்பி. பூச்சிகளின் ரீங்காரம் சட்டென்று நின்றது.

“பிரபுங்க தோட்டத்துல ஒரு துறவியக் குடி வெப்பாங்களாம்,” என்றான் கிட்டுசாமி. “அழகுக்கு. ஏழு வருஷம். முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. யாரோடவும் பேசக் கூடாது. அந்தத் துறவிகிட்டயும் யாரும் பேசக் கூடாது.”

“பாவம். இந்தக் காலத்துல எவன் வந்து உக்காருவான்?”

அவள் மட்டும்தான் சிரித்தாள். எல்லோரும் அவள் முடியைப் பார்த்தார்கள். பிறகு நகத்தை.

“நீ சைன் பண்ணிட்ட மணி.”

“எதுலீங்க?”

“கிரீன் கார்டு ஃபார்மோட சேர்த்து.”

அன்றைக்குத் தோசைக் கல்லை இறக்கிவைத்துவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். படித்துப் பார்க்கவில்லை. புருஷன் நீட்டுகிற காகிதத்தை எவள் படித்துப் பார்க்கிறாள்?

“ஏழு வருஷந்தானே. கார்டு வரவும் அவ்வளவு ஆகும்.”

அவன் குரல் நடுங்கவில்லை. கார் இன்சூரன்ஸ் பற்றிப் பேசுகிற அதே குரல். பயத்தைவிட அதுதான் அவளை அறுத்தது. இவனை நம்பித்தானே கடல் தாண்டி வந்தாள்.

“என்னைய ஊருக்கே அனுப்பீருங்க. நான் உங்களுக்கு என்னங்க பண்ணுனேன்? எங்கப்பாவுக்கு ஒரு போன் மட்டும்…”

சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களை அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஹார்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

“பேசாத மணி. ஆரம்பிச்சாச்சு.”

முதுகில் ஒரு கை. அவனுடைய கைதான். தள்ளியது.

கதவு. தாழ்ப்பாள். வெளியே கைதட்டல்.

இரண்டு கையாலும் கதவை அடித்தாள். கத்தினாள். கைதட்டல் நின்று, செருப்புச் சத்தங்கள் புல்லில் தேய்ந்து தூரப் போயின. அவனுடையதும்.

பிறகு, உள்ளே, ஒரு மூச்சு. அவளுடையது அல்ல.

திரும்பினாள்.

மூலையில் முடி. தரையெல்லாம் முடி. நடுவில் ஒரு முகம், வெளுத்து, வாய் இறுக மூடி. கழுத்தில் அழுக்கேறிய தாலிக் கயிறு.

சுருண்டு வளர்ந்த நகங்கள் பாயைத் தடவின. அந்தப் பெண் மெல்ல நகர்ந்து, வசந்தாமணிக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.