கணுக்கால் பிடி

அன்று காலை யோகம்மாவால் ரொட்டிக்கு மாக் குழைக்க முடியவில்லை. இடது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. வலது கையால் மாவை அமுக்கி, சட்டி நகராமல் முழங்கையால் அணைத்து, ஒருவாறு சமாளித்துக்கொண்டிருந்தாள். குசினி வாசலில் மகளின் நிழல் விழுந்ததும் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"காட்டுங்கோ அம்மா."

"என்னத்தை?"

"கையை... நேற்று விடிய நான் பிடிச்சதில வந்ததுதானே?"

யோகம்மா சிரித்தாள். இந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிப்போன சிரிப்பு. "ஓம், நீதான்! உன்ர பிடி எண்டால் லேசுப்பட்ட பிடியே? போ, போய் முகத்தைக் கழுவு."

அனுஷியா சிரிக்கவில்லை. தன் உள்ளங்கைகள் இரண்டையும் ஒருதரம் பார்த்துவிட்டு கிணற்றடிக்குப் போனாள்.

அத்தனையும் பொய்! அந்தக் கையை முறுக்கியவன் யோகம்மாவின் புருஷன் கதிரவேல். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், குழம்பில் புளி கூடிவிட்டதாம். கடலில் மீன் படாத நாளும் அடி, பட்ட நாளும் அடி. பதினெட்டு வருஷமாக இதே கதைதான். அவன் கத்துவதும் கோப்பை எறிவதும் மகளுக்குத் தெரியும். கை நீட்டுவது மட்டும் மகள் ரியூசன் வகுப்புக்குப் போன நேரமாகப் பார்த்து நடக்கும். சத்தம் போடாமல் அடி வாங்க யோகம்மா பழகியிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அனுஷியா கபடி விளையாடத் தொடங்கினாள். கதிரவேலின் தம்பி யுகேந்திரன் பக்கத்து வளவு வீட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்தினான். அதில் பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான். கோயில் திருவிழாக் கோப்பைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் கூடுவார்கள், முடிந்ததும் கலைவார்கள். மகளோடு விளையாடிப் பழக ஆளில்லை என்று கண்ட தாய், விடியற்காலையில் சல்லி ஊர்க் கடற்கரை மணலில் தானே இறங்கிவிட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு ஓடி வருவாள். இடது மூலையில் பதுங்கி நிற்கும் மகள் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பாள். தாய் மணலில் குப்புற விழுந்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். ஒரு நாளில் அவள் உண்மையாகச் சிரிப்பது அந்த அரை மணித்தியாலம்தான்.

ஒருநாள் மகள் தாயின் காலில் ஊதாக் காயத்தைக் கண்டு, "நான் பிடிச்சதா அம்மா?" என்று கேட்டாள். அது கதிரவேல் உதைத்த காயம். பதினாலு வயதுப் பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது? "ஓம்," என்றாள் தாய். அன்றிலிருந்து அந்தப் பொய் வீட்டுக்கு வசதியாகப் போய்விட்டது. அயலவர் கேட்டாலும், "மகளோட கபடி விளையாடுறன், இந்த வயசில எனக்கு இது தேவையே!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். புருஷனின் மானம் காப்பாற்றப்பட்டது. மகளின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தப் பேதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

ரொட்டி வேகும்போதே யுகேந்திரன் வந்து முற்றத்துக் கதிரையில் குந்தினான். யோகம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே மெல்லத் தொடங்கினாள். "தம்பி, உங்கட கழகத்தை விட்டு அனு போக, விலகல் கடிதத்தில ஒரு கையெழுத்து... இண்டைக்குப் பின்னேரம் டவுன் கழகத்துக்குப் பிள்ளையளைத் தெரிவு செய்யினம்."

"என்ன அண்ணி கதைக்கிறியள்? அனு இல்லாட்டி எங்களுக்குக் கோப்பை இல்லை!"

"கோயில் கோப்பையை வச்சுக்கொண்டு பிள்ளை என்ன செய்யிறது? டவுன் கழகம் தேசிய மட்டத்துக்குப் போகுது. அங்க விளையாடின சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக்கெண்டு ஒதுக்கின இடத்தில பல்கலைக்கழகம் போகலாமாம். படிப்பில அவளுக்குப் புள்ளி காணாது தம்பி... இதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே வழி."

பேச்சு முடியவில்லை. உள்ளேயிருந்து சம்பல் கோப்பை பறந்து வந்து சுவரில் மோதிச் சிதறியது.

"என்ர தம்பியின்ர கழகத்தை விட்டிட்டுக் கண்டவையின்ர கழகத்துக்கோ?" கதிரவேல் வாசலில் நின்றான். "டவுன் பக்கம் கால் வச்சால் காலை முறிப்பன்! ரெண்டு பேருக்கும்தான்!"

யுகேந்திரன் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனான். யோகம்மா கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள். மத்தியானம் கதிரவேல் படுத்து உறங்கிய நேரம், தாயும் மகளும் நிலாவெளி வீதியில் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

துறைமுகத்தைப் பார்த்த மைதானம். ஓரத்துப் புல்லில், டவுனுக்குள் திரியும் மான்கள் நாலைந்து மேய்ந்தன. இருபது பிள்ளைகளுக்கு மேல் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுப்பவள் லைலா மிஸ், கிண்ணியா ஊர்க்காரி. தலையில் இறுக்கிக் கட்டிய துணியும் கழுத்தில் விசிலுமாக நின்றாள்.

அனுஷியா இடது மூலையில் நின்றாள். பாடி வந்தவள் உயரமான, பலசாலிப் பிள்ளை. பாய்ந்த வேகத்துக்கு அவள் கணுக்கால் இரண்டு கைக்குள்ளும் அழகாக அகப்பட்டது. யோகம்மா எழுந்தே விட்டாள்! ஆனால் அடுத்த நொடி கை தளர்ந்தது. பாடி வந்தவள் உதறிவிட்டு ஓடிப்போனாள். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரமும் அப்படியே.

லைலா மிஸ் விசிலை ஊதி விளையாட்டை நிறுத்தினாள். "புள்ள, உனக்குப் பிடிக்கத் தெரியும். பிடிச்சுப்போட்டு விடுறாய்! ஏன்?"

அனுஷியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு ஏலாது மிஸ்... இறுக்கினால் உடைஞ்சு போகும். அந்தா, அம்மாவின்ர கையைப் பாருங்கோ. போன வருஷம் விலா எலும்பு... எல்லாம் நான்தான் மிஸ்! பழக வாற அம்மாவையே இப்பிடி ஆக்கிப்போட்டன்... எனக்கு இந்த விளையாட்டு வேண்டாம்!"

யோகம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐயோ... தன் பொய் பிள்ளையின் கையைப் போய்க் கட்டியிருக்கிறதே! அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி நடுவில் வந்தாள். வாயைத் திறந்தால் புருஷனின் மானம் போகும். திறக்காவிட்டால் மகள் இன்றோடு ஊர் திரும்பிவிடுவாள், பிறகு ஒருநாளும் வரமாட்டாள்.

"அனு, என்னைப் பார். நீ எனக்கு ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. இந்தக் கை உன்ர அப்பா முறுக்கினது. விலா அவர் உதைச்சது. காலில முதல் முதல் பார்த்தியே, அதுவும் அவர்தான்."

பதினெட்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது இத்தனை பேர் முன்னால் விழுந்து கிடந்தது.

"அப்ப... மூண்டு வருஷமா..." மகள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "மூண்டு வருஷமா என்ர கையை நானே வெறுத்தனான் அம்மா!"

அனுஷியா முகத்தைத் துடைத்துக்கொண்டு இடது மூலைக்குத் திரும்பிப் போனாள். "இன்னொருக்கா மிஸ்."

பாடி வந்தவளால் இந்தத் தரம் அசைய முடியவில்லை. அனுஷியாவின் முழங்கை தரையில் உரசி இரத்தம் வழிந்தது, பிடி விடவில்லை. பாடி வந்தவள் உதைத்தாள், இவள் விடவில்லை. அடுத்து வந்த நாலு பேரையும் அப்படியே சாய்த்தாள். அவள் பிடித்தது யாருடைய கால் என்று யோகம்மாவுக்குத்தான் தெரியும்.

லைலா மிஸ் கொப்பியில் பெயரை எழுதினாள். "நாளைக்குள்ள விலகல் கடிதம் கொண்டு வாங்க. இல்லாட்டி இந்த வருஷம் பதிய ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க சொன்னது சின்ன விசயமில்ல. போக இடமிருக்கா?" என்று கேட்டாள். டவுனில் தமக்கை வீடு இருக்கிறது என்றாள் யோகம்மா. அங்கே போய்விடலாம் என்ற எண்ணமே அவளுக்கு அப்போதுதான் வந்தது.

கடிதம் வாங்க இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். பஸ்ஸுக்கு முன்னாலேயே செய்தி அங்கே போய்விட்டது. மைதானத்தில் நின்ற ஒரு ஓட்டோக்காரன் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் கதிரவேலின் காதில் போட்டிருந்தான். பொழுது சாயும் நேரம் படலையைத் திறந்தபோது கதிரவேல் துடுப்போடு நின்றான்.

"ஊருக்கு முன்னால என்ர மானத்தை வித்துப்போட்டு வாறியோ!"

துடுப்பு யோகம்மாவின் தோளில் இறங்கியது. அவள் சுருண்டு விழுந்தாள். முதன்முறையாக மகளின் கண் முன்னால்! "அப்பா!" என்று அலறிக்கொண்டு அனுஷியா குறுக்கே பாய்ந்தாள். துடுப்பை எறிந்துவிட்டுக் கதிரவேல் அவள் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்து இரத்தம் சொட்டியது. விழுந்த பிள்ளையை உதைக்க ஒரு அடி முன்னால் வைத்தான்.

அந்தக் கால் யோகம்மாவின் முகத்துக்கு நேரே வந்து ஊன்றியது. அந்தக் கணுக்கால்! தன் காலை ஆயிரம் தரம் மகள் பிடித்த பிடி உடம்புக்குத் தெரிந்திருந்தது. வலது கையால் பற்றினாள், இடது முழங்கையால் பூட்டினாள், தோளைக் கொடுத்து இழுத்தாள். கதிரவேல் மல்லாந்து விழுந்தான். பின்தலை முற்றத்துக் கல்லில் மோதியது.

"விடடி!" மற்றக் காலால் அவள் முகத்தில் உதைத்தான். மூக்கால் இரத்தம் ஓடியது. விடவில்லை. அனுஷியா ஊர்ந்து வந்து அந்தக் காலையும் பிடித்துக்கொண்டாள். அவன் துள்ளினான், மண்ணை அள்ளி எறிந்தான், தூஷணத்தால் திட்டினான்.

"கத்துங்கோ," என்றாள் யோகம்மா. "மூச்சு முடியும் வரைக்கும் கத்துங்கோ. அதுவரைக்கும் விடமாட்டன்."

வேலியைத் தாண்டி யுகேந்திரன் ஓடி வந்தான். "அண்ணி, விடுங்கோ... நான் பார்க்கிறன்..."

"பதினெட்டு வருஷமா பக்கத்து வளவில இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தனீங்கள் தம்பி!"

அவன் அப்படியே நின்றான். கண் கலங்கியது. "ஓம் அண்ணி... எல்லாம் தெரியும். அண்ணனைக் கேட்கப் பயந்தனான்." திரும்பித் தன் வீட்டுக்கு ஓடினான். வரும்போது கையில் ஒரு கடதாசி இருந்தது. அனுஷியாவின் விலகல் கடிதம், கையெழுத்தோடு. மண்ணில் முழந்தாளிட்டு அதை அண்ணியின் பக்கத்தில் வைத்தான். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளை போகட்டும்."

கதிரவேலின் கத்தல் முனகலாகி அடங்கியது. "யோகம்... விடு," என்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

யோகம்மா கையை எடுத்தாள். "விட்டிட்டன். இனி நீங்களும் எங்களை விடுங்கோ."

அவன் எழும்பவில்லை. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு முற்றத்தில் கிடந்து விம்மினான். யுகேந்திரன் அவன் பக்கத்தில் காவலாகக் குந்தினான். யோகம்மா ஒரு பையில் கடிதத்தையும் மகளின் பாடப் புத்தகங்களையும் நாலு உடுப்பையும் அடைத்துக்கொண்டு, முகத்தைக் கழுவி, படலையைச் சாத்திவிட்டு மகளோடு நடந்தாள்.

பஸ் தரிப்பில் அனுஷியா இரண்டடி தள்ளியே நின்றாள்.

"ஏன் அம்மா பொய் சொன்னனீங்கள்? உங்களை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லுறன் எண்டு நினைச்சனான்... சாமி அறையில எத்தனை நாள் அழுதனான் தெரியுமே!"

"தெரியாது பிள்ளை... தெரியாமல் போச்சுது. அப்பாவைக் காப்பாத்துறன் எண்டு உன்னைப் பலி குடுத்திட்டன். நான் வாங்கின அடியெல்லாத்தையும் விட அதுதான் பெரிய பாவம். என்னை மன்னிச்சுக்கொள் அனு!"

மகள் விம்மிக்கொண்டு வந்து தாயின் தோளில் சாய்ந்தாள். கைகள் மட்டும் முதுகைத் தொட்டும் தொடாமலும் நின்றன. இன்னும் பயம் போகவில்லை.

"இறுக்கிப் பிடி," என்றாள் யோகம்மா. "நான் உடையமாட்டன்."

அனுஷியா இறுக்கினாள். துடுப்பு விழுந்த தோள் நெருப்பாய் எரிந்தது. யோகம்மா அசையவில்லை. பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மணியை அடித்தான், பஸ் அவர்களை விட்டுப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.