லயனலின் பெடல்

டிரம் மெஷின் கொஞ்சம் மெதுவாக அடித்தது. மோராவின் விரல்களுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. முப்பது வருடமாக அந்த மெஷினோடு பேஸ் கிட்டார் வாசித்த விரல்கள்.

"வேகத்தக் குறைச்சியா டெரிக்?"

"நான் ஏம்மா அதுல கை வெக்கப்போறேன்? நமக்கு வயசாகலையா, அதுக்கும் ஆயிருக்கும்," என்று தன் கிட்டாரின் தந்தியை முடுக்கிக்கொண்டே சிரித்தான் டெரிக்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மழை விடாத மதியம். செத்துப்போன தங்கள் பாடகன் லயனலின் வீட்டு நிலவறையில் இருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை அவனுக்கு அஞ்சலிக் கச்சேரி. கறுப்பு உடையும் கண்மையுமாக எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். அது முடிந்ததும் இசைக்குழுவை விட்டுவிடுவதென்று மோரா முடிவு செய்திருந்தாள். அவன் உயிரோடிருந்தவரை அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

மேடையில் அவர்கள் மெஷின் வைத்துக் கிளப்பிய புகைக்கு ரசிகர்கள் ஏதேதோ அர்த்தம் சொன்னார்கள். விஷயம் வெறும் கூச்சம். தன் முகம் தெரிந்தால் லயனலுக்குப் பாட்டு வராது. அதனால் ஒத்திகையிலும் புகை. டிரம் மெஷினை நிறுத்தும் பெடல் அவன் பூட்ஸுக்கடியில் இருக்கும். அவன் மிதித்தால்தான் பாட்டு முடியும். கை மரத்துப்போனாலும் மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்றும் மரியாதைக்காக அந்தப் பெடலை அவன் மைக்குக்குக் கீழேயே வைத்திருந்தார்கள். யார் மிதிப்பது என்று இருவருமே யோசிக்கவில்லை.

தித்திப்பும் எண்ணெய்ப் பிசுக்குமான புகை ஈரச் சுவர்களில் ஏறி, மேலே தொங்கிய ஒற்றை பல்பை மஞ்சள் கறையாக்கி, எதிரே நின்ற டெரிக்கையும் மெல்ல விழுங்கியது. பாட்டு முடிய வேண்டிய இடம் வந்தது. போனது. மறுபடியும் வந்தது.

"போதும்ப்பா, நிறுத்து. கை வலிக்குது."

"என்னால கைய எடுக்க முடியல மோரா." அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை.

அவள் பேஸ் கிட்டாரைக் கழற்றித் தரையில் போட்டாள். புகை மெஷினின் ஒயரைத் தேடிப் பிடுங்கினாள். புகை குறையவில்லை. மாடிப்படி இருந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். சுவர். திரும்பினாள். அங்கேயும் சுவர். நாலு எட்டில் கடந்துவிடும் அறைதான் இது. சுவர்.

"டெரிக்! பேசுடா!"

கிட்டார் மட்டும் பதில் சொன்னது.

மண்டியிட்டாள். தவழ்ந்தாள். மைக்கின் இரும்புக் கால் கையில் பட்டது. அதனடியில் பெடல். லயனலைத் தவிர யாரும் தொடாதது. இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள்.

தாளம் நின்றது. கிட்டாரும் நின்றது. புகைக்குள் எங்கோ டெரிக் விசும்பினான்.

முடிந்தது. நாளைய கச்சேரியும் வேண்டாம். வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்போது தலைக்கு மேலே, மைக்கில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக. நெஞ்சு நிறைய.

வெளியே விடவில்லை.

அவர்களுடைய பாட்டுகள் எல்லாமே பேஸில்தான் தொடங்கும். அவள் தொடங்கும்வரை லயனல் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான்.

மோரா கைகளை இறுக மூடிக்கொண்டாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவளுடைய தொடையின்மேல் அவை தாமாக அசையத் தொடங்கின. புகைக்கு அப்பால், தரையில் கிடந்த பேஸ் கிட்டார் முழங்கியது.