பதினேழாவது கிண்ணம்

சிந்து நதியின் மீது வைகாசிப் பௌர்ணமி நிலவு எழுந்துகொண்டிருந்தது. மேற்கே கதிரவனோ விடைபெற மனமின்றி, புல்பூண்டு முளைக்காத அம்மலைகளின் உச்சியில் குங்குமத்தை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தான். பாலை மணலையும் பனியையும் ஒரே இடத்தில் படைத்துவைத்த பிரமதேவன் அன்று எந்த ஞாபகத்தில் இருந்தானோ, நாமறியோம்! அந்த வறண்ட மலைநாட்டுக் கோட்டையின் அடிவாரத்துச் சத்திரத்தில், சோழநாட்டு வீரன் அரையன் வெண்காடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திலிருந்து எட்டுத் திங்கள் பயணம் செய்து வந்தவன் அவன். கங்கையின் வெள்ளத்தாலும் கானகத்துக் கள்வராலும் கணவாயின் பனிப்புயலாலும் அவனை உட்கார வைக்க முடியவில்லை. வாசக அன்பர்களே, அவனை உட்கார வைத்தது தேநீர்!

கவரிமாவின் வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைந்த தேநீர். சத்திரத்துப் பெண், குளிரில் சிவந்த கன்னங்களும் குறும்பு மின்னும் கண்களுமாக, மரக் கிண்ணத்தில் அதை ஊற்றினாள். உபசரித்ததை மிச்சம் வைப்பது வீட்டாரை அவமதிப்பதாகும் என்று வளர்க்கப்பட்ட வெண்காடன் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். கிண்ணம் காலியானதும் அவள் மீண்டும் ஊற்றினாள். அவனும் மீண்டும் குடித்தான். விகாரத்துத் துறவிகளிடம் இரண்டாண்டுக் காலம் மலைநாட்டு மொழியைப் பிழையறக் கற்ற அவனுக்கு, விருந்துண்ணும் முறையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

"இன்னும் சிறிது, வீரரே?"

"அமுதம், நங்கையே! ஆனாலும்..." அதற்குள் பதினாறாவது கிண்ணம் நிறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் குடித்தான்.

அவன் மடியில் சந்தனப் பேழை ஒன்றிருந்தது. அதற்குள் புத்தபிரானின் எலும்புத் துகளாகிய புனிதத் தாது. "இதை இளவரசி யாங்சென் தேவியின் திருக்கரத்தில் நானே ஒப்படைப்பேன், தவறினால் சோழ மண்ணை மிதியேன்" என்று தலைமைத் துறவியின் முன் சபதம் செய்திருந்தான். இந்தப் பௌர்ணமிக்குள் பேழை கோட்டைக்குள் சேர்ந்தால் இளவரசிக்கு மணிமுடி. சேராவிட்டால் அவள் சிற்றப்பனுக்கு. கதிரவன் மறைந்ததும் கோட்டைக் கதவு அடைபட்டுவிடும். வெண்காடனுக்கோ எழுந்திருக்கவே முடியவில்லை.

அருகில் ரிஞ்சென் என்ற துறவி பதறிக்கொண்டிருந்தார். இதே கோட்டை விகாரத்தில் ஏழு வயது முதல் வளர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டு, இரண்டு நாளைக்கு முன் கணவாயில் வந்து சேர்ந்தவர்.

"பொழுது போய்விட்டது, வீரரே! பேழையைக் கொடுங்கள். நான் ஓடிச்சென்று தேவியிடம் சேர்த்துவிடுகிறேன்."

வெண்காடன் கதிரவனைப் பார்த்தான். தன் வயிற்றைப் பார்த்தான். சபதம் போனாலும் இளவரசியின் முடி போகக் கூடாதே என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. மெல்லப் பேழையை எடுத்து நீட்டினான்.

"அடிகளே, தங்களுக்கு இன்னொரு கிண்ணம்?" என்றாள் அந்தப் பெண்.

"போதும், அம்மா" என்று ரிஞ்சென் தம் காலிக் கிண்ணத்தைப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார்.

அவள் முகம் மாறியது. "கொடுக்காதீர்கள், வீரரே! போதுமென்றால் கிண்ணத்தை நிறைவாகவே விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். காலிக் கிண்ணம் இன்னும் வேண்டும் என்று கேட்கும். இது இங்கே தவழும் குழந்தைக்கும் தெரியும். இவர் இந்த மண்ணில் வளர்ந்தவரே அல்ல!"

"நங்கையே!" என்று அலறினான் வெண்காடன். "இதைப் பதினாறு கிண்ணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாகாதா?"

அதற்குள் போலித் துறவி பேழையைப் பறித்துக்கொண்டு வாயிலை நோக்கிப் பாய்ந்தான். வெண்காடன் வாளை உருவ முயன்றான். இடைக்கச்சை வயிற்றில் இறுகி, வாள் வெளிவர மறுத்தது. எட்டுத் திங்கள் காத்த பேழை போகிறதே என்ற ஆத்திரத்தில் எழுந்து தாவினான். கால் இடறியது. சோழநாட்டு வீரமும் பதினாறு கிண்ணத் தேநீரும் ஒன்றாகச் சேர்ந்து ஒற்றன் முதுகின் மேல் விழுந்தன.

"ஐயோ! எழுந்திருங்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்! இளவரசியின் சிற்றப்பர்தான் அனுப்பினார்!" என்று யாரும் கேளாமலேயே அவன் கதறினான்.

அந்தப் பெண் கைதட்டினாள். மறைந்திருந்த காவலர் ஓடிவந்து, முதலில் அவளை மண்டியிட்டு வணங்கிவிட்டே ஒற்றனைப் பிடித்தனர். அவள் தன் கம்பளித் தொப்பியைக் கழற்ற, கூந்தலில் அரசகுலத்து நீலமணிகள் சுடர்விட்டன.

"யாங்சென் தேவி!" என்று தடுமாறினான் வெண்காடன்.

"ஒற்றன் ஒருவன் வருகிறான் என்று மட்டும் அறிந்தேன். அது தாங்களாகவும் இருக்கலாமே? அதனால்தான் ஊற்றிக்கொண்டே கவனித்தேன்."

"என்மீது இருந்த சந்தேகம் எப்போது தீர்ந்தது, தேவி?"

"மூன்றாவது கிண்ணத்திலேயே. அவ்வளவு அப்பாவியை எவரும் ஒற்றனாக அனுப்பமாட்டார்கள்."

"பிறகு ஏன் பதின்மூன்று?"

இளவரசி தேநீர்க் குடுவையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குளிரில் சிவந்திருந்த கன்னங்கள் இன்னும் சிவந்தன.

அவன் பேழையை எடுத்துத் துடைத்து, அவள் கரங்களில் வைத்தான். அவள் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கோட்டைக் கதவு அன்று தன் தலைவிக்காகச் சற்றுக் காத்திருந்தது.

"தங்கள் சபதம் நிறைவேறிவிட்டது. கணவாயும் திறந்திருக்கிறது. இனி ஊர் திரும்புவீர்கள்" என்றாள். அந்தக் குரலில் குறும்பு இல்லை. பேழையை அருகில் வைத்துவிட்டுப் பதினேழாவது கிண்ணத்தை நிரப்பி அவன்முன் வைத்தாள். "இதைக் குடிக்க வேண்டியதில்லை, வீரரே. நிறைவாகவே விட்டுச் செல்லலாம். இப்போது தங்களுக்கு வழக்கம் தெரியும்."

வெண்காடன் கிண்ணத்தைப் பார்த்தான். அவன் வயிறு வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது. அவன் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, காலிக் கிண்ணத்தை இரு கைகளாலும் அவளிடம் நீட்டினான்.