முறுக்குக்கு ஒரு மெத்தை

"ஒரு மூட்டை மரச்சுருள் வேணும் அண்ணா... கிடைக்குமா?"

இழைப்புளியிலிருந்து தலையைத் தூக்கிய லாரன்ஸ் அப்படியே நின்றுவிட்டான். அடையாற்றுச் சந்தில் இருந்த அவன் தச்சுக்கடை வாசலில் ஐப்பசி மழை... மழைக்கு நடுவில் ஒரு பெண். கையில் குடை இருந்தது. அதைத் தன் தலைக்குப் பிடிக்காமல், தோளில் தொங்கிய துணிப்பைக்குப் பிடித்திருந்தாள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. லாரன்ஸின் மனசு அவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. 'அண்ணா' என்ற சொல்லில் மட்டும் லேசாக அடிபட்டது.

"கீது மேடம். அடுப்புக்கா?"

"இல்லை... படுக்கைக்கு. முறுக்குக்கு."

"முறுக்குக்குப் படுக்கையா?"

அவள் பையின் வாயைத் திறந்து காட்டினாள். பழுப்பும் கறுப்புமாய், உருண்டு சுருண்டு... ஒரு மலைப்பாம்புக் குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது.

அடுத்த நொடி லாரன்ஸ் பட்டறை மேஜை மீது நின்றான். ஏறியது எப்படி என்று அவனுக்கே தெரியாது.

"பயப்படாதீங்க. இதுதான் முறுக்கு. 'பால் பைத்தான்'னு வெளிநாட்டு மலைப்பாம்பு. விஷம் கிடையாது. காட்டிலாகாவில பதிவு பண்ணியிருக்கோம்."

"எனக்கே இன்னும் ரேஷன் கார்டுல பேர் ஏறல மேடம்..." என்றான் மேலிருந்தபடியே. "எங்க நைனா ஊரூர் குப்பத்துல கட்டுமரம் உட்றவரு. வலையில பாம்பு வந்தா வாலப் புடிச்சி கடாசுவாரு. நான் கட்டுமரத்துலேர்ந்து குதிச்சிடுவேன். அதான் என்னை மரவேலைக்கு அனுப்பிட்டாரு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. அந்தப் பெரிய கண்களுக்குள் சிரிப்பு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"மூச்சு விட்டா கீச்சுகீச்சுன்னு சத்தம் வருது. படுக்கை ஈரமா இருக்கக் கூடாது, காய்ஞ்சதா மாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்."

லாரன்ஸ் இறங்கினான். கடையிலேயே வாசனையான சுருளாகப் பொறுக்கி மூட்டை கட்டினான். அந்தக் கடைக்கு டோர் டெலிவரி என்று ஒன்று கிடையாது. அன்று முதல் உண்டு. ஆட்டோவில் அவள் முன்னால் போக, மூட்டையை வண்டியில் வைத்து மந்தைவெளி வரை நனைந்துகொண்டே போய் வாசலில் இறக்கிவிட்டு வந்தான். அவள் பெயர் சாருலதா என்று அழைப்புமணிப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

சில நாளில் அவளே வந்தாள்... அதே மூட்டையோடு. 'அண்ணா' காணாமல் போயிருந்தது. அதற்குச் சந்தோஷப்பட நேரம் தரவில்லை அவள்.

"ஏங்க, நீங்க குடுத்தது என்ன மரம்?"

"பைன். வெளிநாட்டுப் பொட்டி பிரிச்ச மரம். கம்முனு வாசன வர்ல?"

"அந்த வாசனைதான் அதோட நெஞ்சை இன்னும் அடைக்குதாம்! டாக்டர் என்னைத் திட்டறார். எதுக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன்... தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

'தப்பு என்னுதுதான்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரோஷம் முந்திக்கொண்டது.

"கட்டில் செய்றவன்கிட்ட வந்து பாம்புக்கு மெத்த கேட்டா? நான் இன்னா பாம்பு டாக்டரா மேடம்?"

அவள் கண்கள் நிரம்பின. "என் தம்பி விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதாங்க..." என்று மட்டும் சொன்னாள். மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க வழி இருந்தால், அன்று லாரன்ஸ் கடையை விற்றாவது வாங்கியிருப்பான்.

மறுநாள் காலை துளைபோடும் மெஷினோடு மந்தைவெளியில் நின்றான். கதவைத் திறந்தவர் சாருலதாவின் அம்மா பொன்மணி.

"பாம்புப் பொட்டியப் பாக்க வந்தேன்மா."

அந்த அம்மா மூடியிருந்த ஓர் அறையைக் கையால் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே சமையலறைக்குள் போய்விட்டார்.

அறைக்குள் சாருலதா இருந்தாள். சுவரில் மாலை போட்ட படத்தில் ஒரு இளைஞன், கழுத்தில் முறுக்கைச் சுற்றிக்கொண்டு சிரித்தான். ராகேஷ். ஆடி மாசக் காய்ச்சலில் போய்விட்ட தம்பி.

"நேத்து பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க," என்றான் லாரன்ஸ். "பொட்டிய ஒரு தபா பாக்கட்டுமா?"

அவள் முறுக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லாரன்ஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். குப்பென்று அடித்தது... ஈரப் பலகையை மூடிப் போட்டால் வரும் வாடை. காற்று போய்வர ஒரே ஒரு சின்னத் துளைதான் இருந்தது. மிச்சம் கிடந்த பைன் சுருளை ஒதுக்கினான். அடியில் தேங்காய் நார்த்தூள்... அதன் மேல் பஞ்சு படர்ந்ததுபோல வெள்ளைப் பூஞ்சணம்.

"மேடம், பழசு அப்டியே கீதே! எடுக்காம மேலயே போட்டீங்களா?"

"அதை எடுக்காதீங்க."

"இதான் அதும் மூச்ச..."

"எடுக்காதீங்கன்னா எடுக்காதீங்க!" குரல் உடைந்தது. "அவன் கையால பரப்பினது அது. காலையிலயும் சாயந்திரமும் தண்ணி தெளிக்கணும்னு சொல்லிக் குடுத்தான். சித்திரை வெயில்ல சொன்னது... நான் இந்த மழையிலயும் தெளிச்சுக்கிட்டே இருந்தேன். அவன் சொன்னதுல ஒண்ணுகூட மாத்தக் கூடாதுன்னு..."

லாரன்ஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவள் மடியில் அந்தச் சின்ன ஜீவன் கீச்சுகீச்சென்று மூச்சு விட்டது.

"உங்க தம்பி இருந்தா... இந்த மழையில இத்த இப்டி உட்ருப்பாரா?" என்றான் மெதுவாக. "அவரு பாசம் வெச்சது தூளு மேலயா? நான் தொடலைங்க. நீங்களே எடுங்க."

சாருலதா தம்பியின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முறுக்கைத் துணிப்பைக்குள் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் நார்த்தூளை அள்ளினாள். அள்ள அள்ள அழுதாள். அந்தச் சத்தத்தில் பொன்மணி ஓடி வந்தார். அறை வாசலில் ஒரு கணம் தயங்கினார்... பிறகு உள்ளே வந்தார். ஆடிக்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

"குப்பையில போடாதடி. பால்கனி செம்பருத்தித் தொட்டியில கொட்டு. பிள்ளை கைபட்டது, பூக்கட்டும்," என்றார்.

வினிகர் தொட்டுப் பெட்டியைத் துடைத்தான் லாரன்ஸ். மின்விசிறியின் கீழே நாள் முழுக்கக் காயவைத்தான். கீழே ஒருபக்கம், மேலே எதிர்ப்பக்கம் துளை போட்டு வலை அடித்தான். முறுக்கின் நெஞ்சு குணமாகும்வரை வெறும் செய்தித்தாள்தான் படுக்கை, அழுக்கானால் உடனே மாற்றவேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார்.

"பேப்பர் படிச்சிக்கினே படுத்துக்கட்டும். ஊர்ல இன்னா நடக்குதுன்னு அதுக்கும் தெரியணும்ல?"

அப்போதுதான் சாருலதா சிரித்தாள். அழுது சிவந்த கண்களோடு... லாரன்ஸ் கையிலிருந்த ஸ்குரூ கீழே விழுந்து கட்டிலடியில் உருண்டுபோனது. தேடுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அதன்பின் அடிக்கடி வந்தான். கார்த்திகை பிறப்பதற்குள் கீச்சுச் சத்தம் அடங்கியது. ஒருநாள் முறுக்கு மறுபடி இரை எடுத்தது. அன்று சாயங்காலம், பையை மாட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"இனிமே வர்றதுக்குக் காரணம் ஒண்ணும் இல்லீங்க. தாப்பா, வல, கதவு எல்லாம் ரெண்டு வாட்டி ரிப்பேர் பண்ணிட்டேன். ரெண்டாவது வாட்டி எதுவும் ரிப்பேராவே ஆவல."

"தெரியும்."

"...தெரியுமா?"

"கதவு நல்லாத்தானே மூடிச்சு. நான்தான் சொல்லலை." அவள் பார்வை தரையில் இருந்தது. காது மட்டும் சிவந்தது.

லாரன்ஸ் பையைக் கீழே இறக்கி வைத்தான். "காரணம் இல்லாம வந்தா... உங்களப் பாக்கத்தான் வரேன்னு ஆயிடும். அது நெஜம்தாங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. குப்பத்து ஆளு, பாம்பப் பாத்தா மேஜ மேல ஏறுறவன்... இதெல்லாம் யோசிச்சிதான் சொல்றேன்."

சாருலதா நிமிர்ந்தாள்.

"அவன் போனப்புறம் இந்த வீட்ல யாரும் நாளைக்குன்னு ஒரு வார்த்தை பேசினதில்லை. அம்மாவும் நானும் இன்னிக்கு என்ன சமைக்கறதுன்னு மட்டும்தான் பேசுவோம். நீங்கதான் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போவீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே..." நிறுத்தினாள். கண்ணில் நீர் ததும்பியது. "...எனக்கும் பிடிச்சிருக்கு. இன்னிக்கும் அதைச் சொல்லிட்டுப் போங்க."

லாரன்ஸ் பையை எடுத்து மாட்டிக்கொண்டான். வாசல்வரை போனான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டான். திரும்பினான்.

"நாளைக்கு வரேன்."