அஸ்வதிக்கு ஒரு இலை

ஆடியவர்கள் எட்டுப் பேர். கைத்தட்டு ஒன்பது கேட்டது.

அதைக் கடல் என்றுதான் ஆதித்யன் முதலில் நினைத்தான். திருப்புறம் தாண்டி, நெய்யாறு கடலில் விழும் பொழிக்கரையில் இருக்கிற அந்தக் கோயில் முற்றத்தில், நிலவிளக்கின் எண்ணெய்ப் புகையும் ஈரமணலின் உவர்ப்பும் சமையல் கொட்டகையில் பப்படம் பொரிகிற மணமும் கலந்து கிடக்க, கசவுச்சேலைப் பெண்கள் விளக்கைச் சுற்றிக் குனிந்து நிமிர்ந்து திருவாதிரைக்களி என்கிற கைகொட்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எட்டு ஜோடிக் கைகளும் ஒன்றாகத் தட்டி ஓய்ந்த பிறகு, ஒரு நொடி பிந்தி, இன்னொரு தட்டு விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் போடுகிற மாதிரி. வட்டத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடமும் விட்டிருந்தது.

பயம் பாதிதான். மீதி வெட்கம்.

மூன்று வருடமாக அவன் இங்கே கைடு. சாயங்காலம் கோயில், அப்புறம் களி ஆட்டம், கடைசியில் இலைச்சாப்பாடு. போன வருடம் களி ஆடுகிற அஸ்வதி செத்த பிறகு, பொழியைக் கைகாட்டி ஒரு கதையும் சேர்த்துக்கொண்டான். களி ஆடும் ஒரு பெண், எவனிடமோ ஏமாந்து, வயிற்றுப் பிள்ளையோடு கடலுக்குள் நடந்தே போய்விட்டாளாம். வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எப்போதும் இங்கிலீஷில்தான் சொல்வான். பந்தி பரிமாறும் விலாசினிக்கு இங்கிலீஷ் தெரியாது. விலாசினி, அஸ்வதியின் அம்மா.

இன்றைக்கு வந்த பன்னிரண்டு பேரும் மதுரைக்காரர்கள். பாழாய்ப்போன நாக்கு, பழக்க தோஷத்தில் அதே கதையைத் தமிழில் சொல்லித் தொலைத்தது. முடித்துவிட்டுத் திரும்பினால், இலைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விலாசினி நிற்கிறாள். இலைக்கட்டை மறு இடுப்புக்கு மாற்றினாள். கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அஸ்வதிக்கு நடந்தது முழுசாக அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவளை விருந்தாளிகளோடு படகில் ஏற்றியது அவன். கடல்மேல் நிலவு நன்றாகத் தெரியட்டும் என்று படகைப் பொழிக்குப் பக்கத்தில் விடச் சொன்னதும் அவன். அலையில் படகு சாய்ந்து அவள் விழுந்தபோது, ஈரக்கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பற்றியது. தன்னையும் இழுத்துவிடுவாள் என்ற பயத்தில், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டான். "திரும்பிப் பாக்கதுக்குள்ள போயிட்டா மாமி" என்று விலாசினியிடம் அழுதான். அவள் நம்பினாள். அன்றிலிருந்து பந்தியில் முதல் பப்படம் அவனுக்குத்தான்.

களி முடிந்து எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். அவன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"சாப்பிட்டதும் இலையை உங்க பக்கமா மடிக்கணும். எதிர்ப்பக்கமா மடிச்சா, அது சாவு வீட்டுச் சாப்பாடு."

சொல்லும்போதே பார்த்துவிட்டான். எதிர் வரிசையில், அவனுக்கு நேராக, ஆளில்லாத ஓர் இலை. நுனி, உட்காருகிறவருக்கு வலப்பக்கம். செத்தவர்களுக்கு அப்படித்தான் போடுவார்கள்.

விலாசினி சோற்றோடு வந்தாள். முதல் கரண்டியை அந்த இலையில் வைத்தாள்.

"மாமி, அங்க ஆளில்லையே."

"உண்டு மக்கா."

அந்த இலைக்குப் பின்னால் பாய் மெல்ல நனைந்து கறுத்தது. சேற்று வாடை வந்தது. ஈரம் அங்கேயே நிற்கவில்லை, வரிசையைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. விலாசினி மற்றவர்களுக்கும் பரிமாறி, கடைசியில் அவன் இலையிலும் சோறு வைத்து, முன்னால் வந்து குந்தினாள். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எம் பிள்ளைக்க வயித்துல பிள்ளை உண்டுன்னு சொன்னியே. அது ஆருக்க பிள்ளையாக்கும்? அவளும் கேக்கட்டு. சொல்லு."

இப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. சொல்லிவிட வேண்டும். இப்போதே. கையைப் பிரிச்சு விட்டது நான்தான் மாமி. அவ்வளவுதான். வாயைத் திறந்தான்.

"இந்தப் பொழிக்கு ஒரு கதை இருக்கு..." என்றது குரல். கைடு குரல். சிரிக்கிற குரல்.

தட்டு.

பல்லைக் கடிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அழகான பொண்ணு. எவனையோ நம்பினா..."

தட்டு. பக்கத்தில்.

நாக்கெல்லாம் உப்பு. மதுரைக்காரர்கள் பிசைந்த கையோடு அசையாமல் பார்த்தார்கள். அவனை இல்லை. அவனுக்குப் பின்னால்.

"வயித்துப் பிள்ளையோட..."

தட்டு. முதுகை ஒட்டி.

பிடரியில் தண்ணீர் சொட்டியது. விலாசினி அவன் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"இரி மோளே. சோறு ஆறுது."

அவன் தோள்களுக்கு மேலாக இரண்டு கைகள் நீண்டு வந்தன. ஊறி வெளுத்தவை. வலக்கையின் விரல்கள் ஒவ்வொன்றும் பின்னால் வளைந்திருந்தன, யாரோ பிரித்துவிட்டபடியே. அவை அவன் இலையில், அவன் பக்கம் இருந்த விளிம்பைப் பிடித்தன. தொடாத சோற்றோடு, மெதுவாக, எதிர்ப்பக்கமாக மடித்தன.

அவன் குரல் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருந்தது.